கியூ பழுதுபார்க்க ஒரு சின்ன லேத்: இரண்டு ஆண்டு ஓட்டிப் பார்த்தபின்

பூல், ஸ்னூக்கர் கியூக்களுக்கு (பந்தை அடிக்கும் குச்சிகளுக்கு) டிப், அதாவது நுனியில் ஒட்டும் தோல் வில்லை, மாற்றும் வேலையை ஆறேழு ஆண்டுகளாகக் கையாலேயே செய்துவந்த நான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதற்கென்றே ஒரு சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கினேன். சீனாவில் வார்த்து, பல பெயர்களில், பல வண்ணங்களில் விற்கப்படும் ‘ஏழுக்குப் பதினாலு’ அங்குல வகை இது. 180 மி.மீ. குறுக்களவு வரை உள்ள பொருளைச் சுழற்றும். பொருளை இரு முனையிலும் தாங்கும் சென்ட்டர்களுக்கு நடுவே 350 மி.மீ. இடம் உண்டு; பொருளைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் துளை 20 மி.மீ.; எடை ஏறத்தாழ 40 கிலோ. காலெட் சக் (பொருளைச் சுற்றிலும் நெருக்கிப் பிடிக்கும் கவ்வி), ஸ்டெடி (நீண்ட தண்டுக்கான தாங்கல்), சுழலும் சென்ட்டர், சில டூல் பிட்டுகள், வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. உலோக வேலைக்கு இந்த லேத் எப்படி என்று எழுதியவர்கள் பலர். கியூவுக்கு எப்படி என்று எழுதியவர்கள் குறைவு என்பதாலும், வாங்குமுன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள் வாங்கியபின்தான் தெரியவந்தன என்பதாலும் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-இல் ஊட்டி கிளப்பில் முறைப்படுத்தப்பட்டன என்பதைச் சொல்லிப் பெருமைப்படும் ஆட்டக்காரர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. ஆனால், அந்த மலைக்கு அடிவாரத்தில் இருந்துகொண்டு ஒரு ஃபெரூலை (டிப்புக்குக் கீழே கியூவின் நுனியில் மாட்டும் வளையத்தை) ஒழுங்காக மாற்றித் தர ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கையால் டிப் ஒட்டுவதில் இரண்டு குறைகள் எனக்குத் தீரவே இல்லை. ஃபெரூலின் முகம் தண்டுக்குச் செங்குத்தாக அமைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வால் டிப்பின் ஒரு பக்கம் பசை தடித்து, ஒரு மாதத்தில் அங்கிருந்து பெயரத் தொடங்கும். அடுத்தது, டிப்பின் விளிம்பைக் கத்தியால் சீவும்போது வெள்ளை ஃபெரூலில் கீறல் விழுந்துவிடும். விழுந்த கீறலில், டிப்பில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் பொடி ஏறினால் பிறகு எதைக்கொண்டு தேய்த்தாலும் போகாது.

லேத் வாங்கும் முடிவோடு எங்கள் ஊரின் கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த டர்னரிடம் யோசனை கேட்கப் போனேன். மோட்டார் எத்தனை வாட், வேகம் எவ்வளவு, சுழலும்போது அச்சு விலகும் ஆட்டம் எத்தனை மைக்ரான் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி, இந்தக் குச்சியை எந்தப் பக்கமா உள்ள உடப் போறீங்க?” என்றார். விடை சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து, கியூவை மேசைமேல் கிடத்தி, வெர்னியரோடு உட்கார்ந்தேன். அன்று மாலை அளந்தவைதான் இந்தக் கொள்முதலில் நான் செய்த ஒரே உருப்படியான ஆராய்ச்சி.

இரண்டு துண்டாகக் கழலும் வழக்கமான பூல் கியூவில் நுனிப் பகுதியான ஷாஃப்ட் சுமார் 737 மி.மீ. நீளம். டிப் அருகே 13 மி.மீ. இருக்கும், அந்தக் கனத்திலேயே ஏறத்தாழ ஓர் அடி வந்து, அதன்பின் படிப்படியாகப் பருத்து, இணைப்பு அருகே 21 மி.மீ.-ஐத் தாண்டும். பிடிப் பகுதியான பட் அங்கிருந்து மேலும் பருத்து, அடியில் 31, 32 மி.மீ. ஆகும். ஸ்னூக்கர் கியூவின் நுனி 9.5 மி.மீ. அளவில்தான் இருக்கும், ஆனால் அதன் ஷாஃப்ட், முக்கால் பங்கில் கழலும் வகையில், ஒரு மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே லேத்தின் முன்பக்கம் 350 மி.மீ. இடம் இருக்கிறதா, 400 இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. தண்டின் பெரும்பகுதி ஸ்பிண்டிலின் துளை வழியாகப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; வேலை நடக்கும் இடம் மட்டும் சக்கின் வாயிலிருந்து இரண்டு விரற்கடை வெளியே வர வேண்டும்.

டிப் வேலைக்கு ஷாஃப்ட்டை லேத்தின் பின்பக்கத்திலிருந்து நுனி முன்னாக நுழைக்கிறோம். ஸ்பிண்டிலுக்குள் கிடக்கும் பகுதி முழுதும் 13 மி.மீ. அளவிலேயே இருப்பதால் 20 மி.மீ. துளை தாராளமாகப் போதும். ஷாஃப்ட்டின் இணைப்பு முனையில் வேலை என்றால் முன்பக்கத்திலிருந்து நுனி முதலாக நுழைக்க வேண்டும். முனையிலிருந்து ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் தள்ளித்தான் தண்டு 20 மி.மீ.-க்கு இளைக்கிறது, அங்கே பிடித்தால் ஏழு சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும், சமாளித்துவிடலாம். பட்டின் இணைப்பு முனையோ 21 மி.மீ.-இல் தொடங்கிப் பின்னோக்கிப் பருத்துக்கொண்டே போவதால் இந்தத் துளையில் தலையையே நுழைக்காது. அதற்குக் குறைந்தது 25, 26 மி.மீ. துளை வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் குதிரைத்திறனைவிட இந்த ஓர் எண்தான் எந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நான் அதில் விழுந்தேன். ஸ்பிண்டிலின் துளை 20 மி.மீ. என்று படித்தவன், கூடவே வரும் 80 மி.மீ. மூன்று ஜா (தாடை) சக்கின் துளை 16 மி.மீ.தான் என்பதைப் படிக்கவில்லை. 38 மி.மீ. துளையுள்ள சற்றுப் பெரிய 210 மி.மீ. வகை லேத்துகளிலும் இதே கதைதான்: அவற்றோடு வரும் 125 மி.மீ. சக்கின் துளை 30 மி.மீ.; தடித்த அடியுள்ள பட் அதில் அடிவரை போகாது. வாங்குபவர்கள் ஸ்பிண்டிலுக்கு ஓர் அளவும் சக்குக்கு ஓர் அளவும் தனித்தனியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மற்ற வழிகளையும் பார்க்காமல் இல்லை. கியூவுக்கென்றே செய்த நீண்ட பெட் (அடித்தளம்) கொண்ட லேத்துகள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. விலையும் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் ‘மலிவு’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஷெர்லைன் போன்ற மேசை லேத்துகளின் வேலைப்பாடு அருமையானது. ஆனால் அதன் துளை 10 மி.மீ. சொச்சம் என்பதால் பூல் ஷாஃப்ட் நுழையாது. கோவையில் இருந்துகொண்டு பழைய நாலரை அடி லேத்தை ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரும்பு கனமானது, அதிராது, நீளத்துக்கும் குறைவில்லை. ஆனால் நான் பார்த்தவை மும்முனை மின்சாரம் கேட்டன, என் அறையின் பாதியைக் கேட்டன. பெல்ட் மாற்றி ஓட்டும் பழைய லேத்துகளின் உச்ச வேகமும் தோலையும் மரத்தையும் மழுங்காமல் சீவப் போதவில்லை. தரைத்தளத்தில் சொந்தப் பட்டறை உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பழைய லேத்தே வாங்கலாம்.

பெட்டியைப் பிரித்த நாளில் லேத்தை ஓட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். துருப் பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பும் அந்தச் செம்பழுப்புக் கிரீஸுக்குள் வார்ப்பு மணலும் உலோகப் பிசிறும் கலந்திருக்கின்றன. டூலை நகர்த்தும் கேரியேஜ், கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்டு ஸ்லைடு மூன்றையும் கழற்றி, டீசலில் கழுவி, ஓரங்களில் விரல் கிழிக்கும் பிசிறை அரத்தால் நீவி, எண்ணெய் விட்டு, ஸ்லைடுகளின் இறுக்கத்தை மாற்றும் ஜிப் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கால் திருகு திருகிச் சரிசெய்ய எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஜிப் தளர்ந்தால் டூல் நடுங்கும். இறுகினால் கைப்பிடி விக்கி விக்கி நகரும். இரண்டுக்கும் நடுவே, கைப்பிடியைச் சுண்டுவிரலால் சுற்ற முடிய வேண்டும், ஆனால் ஸ்லைடைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக் கூடாது என்ற நிலையை விரல்தான் கண்டுபிடிக்கும்.

அடுத்து, ஆட்டத்தை அளக்கும் டயல் காஜ். ஸ்பிண்டிலின் உள்வாயில் வைத்துப் பார்த்தபோது ஆட்டம் 0.01 மி.மீ. அளவில்தான் இருந்தது, அதாவது இயந்திரத்தின் உயிர்நாடி நன்றாக இருக்கிறது. மூன்று ஜா சக்கில் துல்லியமாகச் சாணை பிடித்த ஒரு 12 மி.மீ. கம்பியைப் பிடித்துப் பார்த்தபோது 0.09. சக்கின் மூன்று நட்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையாக மாற்றி மாட்டிப் பார்த்ததில் ஒரு நிலையில் 0.05-க்கு இறங்கியது, அந்த நிலையில் சக்கிலும் ஃபிளாஞ்சிலும் நேர்நேரே புள்ளி குத்தி வைத்தேன். சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் ஒரு முடியளவு வலப்புறம் விலகியிருந்தது. அதை நேராக்கியபோது நான் பொறுமையைக் கற்றேன் என்று சொல்ல ஆசைதான், உண்மையில் மூன்று முறை திட்டினேன். மேசை மட்டம் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை: கனமான பலகை, நான்கு போல்ட், ஒரு ரசமட்டம்.

ஆனால் இத்தனை நுணுக்கமும் கியூவைப் பிடிக்கும் விதத்தில் கோட்டைவிட்டால் வீண். சக்கின் ஜாக்கள் எஃகு. மேப்பிள் எவ்வளவு கடினமான மரமானாலும் மரம்தான். ஒரு பழைய ஷாஃப்ட்டின்மீது இரண்டு சுற்றுக் காகித டேப் ஒட்டி நேராகச் சக்கில் பிடித்தேன்; வெளியே எடுத்தபோது மூன்று பள்ளங்கள், நகம் பதித்ததுபோல். அதன்பின் வாங்கியது இ.ஆர்.32 காலெட் சக். இதிலும் கவனம் வேண்டும். மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புத் தண்டோடு வரும் காலெட் சக் விலை குறைவு. ஆனால் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பி ஸ்பிண்டிலின் துளையை அடைத்துவிடும், கியூ நுழைய வழியே இருக்காது. ஸ்பிண்டில் முகத்தில் போல்ட் போட்டு மாட்டும் ஃபிளாஞ்ச் வகைதான் நமக்கு வேண்டியது. இ.ஆர்.32 காலெட்டுகள் 20 மி.மீ. வரை கிடைக்கின்றன, சுற்றிலும் சமமாக நெருக்குவதால் மரத்தில் தழும்பு விழுவதில்லை. என் சக்கில் இதன் ஆட்டம் 0.02. ஸ்னூக்கர் ஷாஃப்ட் நுனியிலிருந்தே பருத்துக்கொண்டு போகும் என்பதால் காலெட் அதை ஒரே வளையத்தில்தான் கவ்வும்; அதற்கு டெல்ரின் என்ற பிளாஸ்டிக் உருளையில் துளையிட்டு, பக்கவாட்டில் ஓர் அறுப்பு அறுத்து, நானே சில புஷ்கள் (இடையுறைகள்) கடைந்து வைத்திருக்கிறேன். இந்த லேத்தில் நான் செய்த முதல் உபயோகமான பொருள் அவைதான்.

பின்பக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பிண்டிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுக்குத் தாங்கல் இல்லாமல் லேத்தை ஓட்டவே கூடாது. தொடக்க நாள்களில் என் பழைய ஆஷ் மரக் கியூவின் நீண்ட ஷாஃப்ட்டை மாட்டி, ஃபெரூலுக்கு மெருகேற்றுவதற்காக வேகத்தைக் கூட்டினேன். நிமிடத்துக்கு 900 சுற்றை நெருங்கியதும் பின்முனை மெல்ல வட்டமிடத் தொடங்கியது. நிறுத்தும் பொத்தானைக் கை எட்டுவதற்குள் அந்த வட்டம் குடை அளவுக்கு விரிந்து, சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியில் மூன்று அடி அடித்துவிட்டு, நாலு அங்குலத்துக்குப் பிளந்தது. அது என் கியூ. நான் நின்றது முன்பக்கம். இரண்டும் நல்லகாலம். இப்போது ஸ்பிண்டிலின் பின்வாயில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு தண்டை நடுவில் நிறுத்துகிறது. அதற்கு அப்பால் மரத் தாங்கலில் பொருத்திய ஒரு பெரிய பேரிங், உள்ளே பஞ்சு வளையத்தோடு, தண்டின் வாலை ஏந்துகிறது. இவ்வளவு இருந்தும் நீண்ட ஷாஃப்ட்டை 600-க்கு மேல் ஓட்டுவதில்லை.

இனி இந்த லேத் தன் கூலியைச் சம்பாதிக்கும் வேலை. பழைய டிப்பை அறுத்து எறிந்தபின், ஷாஃப்ட் மெல்லச் சுழல, கூர்மையான எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலை ஃபெரூலின் முகத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு முறை, 0.1 மி.மீ. ஆழத்தில் இழுக்கிறேன். பழைய பசையின் மஞ்சள் படலம் பொடியாக உதிர்ந்து, அடியில் முட்டை ஓடுபோல் மங்கிய வெண்மை தெரியும். அந்த மங்கல்தான் பசை பிடிப்பதற்கான அடையாளம். புதிய டிப்பின் அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய 120 எண் உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பசை ஜெல் வகையாக இருப்பது நலம். நீர்போல ஓடும் பசை தோலுக்குள் ஊறி அடியைக் கல்லாக்கிவிடும். டிப்பை வைத்து, டெயில்ஸ்டாக்கில் மாட்டிய மெழுகு தடவிய தட்டையான கட்டையால் அழுத்திவிட்டால் டிப் நடுவிலிருந்து நழுவாது. கையால் செய்த காலத்தில் நான் ரப்பர் வளையங்களோடு பட்ட பாட்டுக்கு இது ஒன்றே பதில்.

பசை இறுகியபின் விளிம்பைக் கடைவதுதான் பார்க்க அழகான பகுதி. ஃபெரூலின்மேல் ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டி, டிப்பின் உச்சியைச் சுழலும் சென்ட்டரால் இலேசாகத் தாங்கி, டூலை டிப்பின் முன்விளிம்பிலிருந்து ஃபெரூலை நோக்கி நகர்த்துகிறேன். எல்க் மாஸ்டர் போன்ற மென்மையான ஒற்றைத் தோல் டிப் பஞ்சுபோல் பிய்ந்து வரும். டூல் சவரக்கத்தி அளவுக்குக் கூராக இல்லையென்றால் சீவாமல் நசுக்கும். கமூய் போன்ற அடுக்குத் தோல் டிப் மெல்லிய நாடாவாகச் சுருண்டு வரும். டேப்பின் மேல்தாள் உரசும் ஓசை கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். ஈரத் தோல் துண்டால் சுற்றிப் பிடித்து வேகத்தைக் கூட்டினால் பக்கவாட்டு மெருகு ஒரு நிமிடத்தில் ஏறிவிடுகிறது. முன்பு முக்கால் மணி நேரம் எடுத்த வேலை, பசை உலரும் நேரம் நீங்கலாக, இப்போது பத்து நிமிடம்.

ஃபெரூல் மாற்றுவதிலும் குறை சொல்ல முடியவில்லை. பூல் ஷாஃப்ட்டில் பழைய ஃபெரூலைக் கடைந்து நீக்கி, உள்ளிருக்கும் 5/16 அங்குல மரக் கழுத்தை உடைக்காமல் வெளிக்கொணர்வது கையால் இயலாத காரியம். லேத்தில் அது பொறுமை மட்டுமே கேட்கிறது. ஸ்னூக்கர் கியூவின் பித்தளை ஃபெரூலைச் சிறு கம்பியிலிருந்து நானே கடைந்துகொள்கிறேன். பட்டின் இணைப்புத் திருகாணி தளர்ந்த கியூக்கள் மட்டும்தான் வம்பு. பட் ஸ்பிண்டிலுக்குள் போகாததால் அடியைச் சக்கில் பிடித்து மறுமுனையை ஸ்டெடியில் தாங்கலாம் என்றால், 737 மி.மீ. நீளத்துக்கு இந்த பெட்டில் இடமில்லை. நாலைந்து பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லேத்தின் சொந்தக் குறைகள்: குறைந்த வேகத்தில் மோட்டாருக்குப் பலம் இல்லை; பித்தளையில் துளையிடும்போது திணறி நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் கியர்கள் இன்னும் உடையவில்லை, ஆனால் ஓசை கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஐந்தாம் மாதத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை கருகியது. விற்றவர் முதலில் மின்னழுத்தத்தைக் குறைசொன்னார், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர் மாஸ்ஃபெட் என்ற மின்னணு உறுப்பை மாற்றி 1,500 ரூபாயில் உயிர்கொடுத்தார். காரணம் என் அலட்சியமாகவும் இருக்கலாம்: அந்த வாரம்தான் ஒரு கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டின் முனையை இதில் தேய்த்திருந்தேன். அந்தக் கரும்பொடி மின்சாரம் கடத்தும், நுரையீரலுக்கும் ஆகாது. இப்போது கார்பன் ஷாஃப்ட் வந்தால் டூலுக்குப் பக்கத்திலேயே வாக்குவம் குழாயைக் கட்டி, முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்தபின்தான் அடுத்த வேலை.

டிப்பும் ஃபெரூலும் மட்டும் செய்ய நினைப்பவர்களுக்கு 20 மி.மீ. துளையுள்ள இந்த லேத்தைத் தயங்காமல் சொல்வேன்; கையிருப்பில் கால் பங்கைக் காலெட் சக்குக்கும் பின் தாங்கலுக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் லேத்தைத் தேடட்டும். இணைப்பு வேலையும் எடுத்துச் செய்து கூலி பார்க்க வேண்டுமென்றால் 38 மி.மீ. துளை வகைக்கே போக வேண்டும். அதன் எடையும் விலையும் கூடுதல் என்றாலும், இதை வாங்கிவிட்டுப் பிறகு அதையும் வாங்குவதைவிட மலிவு. நான் இப்போது அந்த இரண்டாவது செலவின் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இணைப்புத் திருகாணி ஆடும் பட் ஒன்று மூன்று வாரமாக என் மேசையில் சாய்ந்து நிற்கிறது. உரிமையாளர் அவசரமில்லை என்கிறார்.